பெரியம்மாவும் ஆண்டவரும் பேசிக்கொள்ளாத மாதங்கள்

பெரியம்மா ஜெபம் பண்ணத் தொடங்கினால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். எங்களைப் பற்றி ஆண்டவரிடம் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான்.

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள் உள்ள பழைய லயம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. மேலே விட்ட இடைவெளி வழியாக அடுப்புப் புகை போகும், கருவாட்டு வாசம் போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை போகும். பெரியம்மாவின் ஜெபமும் போகும். அவர் எங்களுக்கு அடுத்த காம்பரா. சொந்தப் பெரியம்மா கிடையாது. அம்மாவுக்கு மூத்தவர், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர், அதனால் பெரியம்மா.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகும் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்த பிறகு ஒரு தடவை. பாயை விரித்து, முட்டி மடக்கி, "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு விட்டு ஆரம்பிப்பார். பெரட்டில் கங்காணி தொரைக்கு ஒப்பிப்பது போல இவர் ஆண்டவருக்கு ஒப்பிப்பார். எந்த மலையில் என்ன நடந்தது, யாருக்குக் காய்ச்சல், எந்த ஆடு குட்டி போட்டது, யார் யாரோடு பேசவில்லை, எல்லாம். அதுவும் என்ன குரல்! ஆண்டவர் பதுளை பஸ் நிலையத்தில் நிற்கிறார், இங்கிருந்தே அவருக்குக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். நேத்து நல்ல மழை, அதுக்கு நன்றி. ஆனா பீலிப் பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சு, தண்ணி கலங்கி வருது, அதையும் பாத்துக்கங்க. மூணாம் காம்பரா அண்ணன் நேத்தும் கசிப்பு குடிச்சிட்டு வந்து பெண்டாட்டிய அடிச்சாரு. அவரு கைய கொஞ்சம் புடிச்சு நிறுத்துங்க."

மூன்றாம் காம்பராவிலிருந்து சுவருக்கு மேலாக ஒரு சத்தம் வரும். "ஏய் தங்கச்சி! நேத்து நான் அடிக்கல. அது முந்தாநேத்து. சாமிகிட்ட சொல்றதுன்னா சரியா சொல்லணும்!"

பெரியம்மா உடனே திருத்திக்கொள்வார்.

"முந்தாநேத்தாம், ஆண்டவரே. நேத்து அடிக்கலையாம். அதுக்கும் நன்றி."

அந்த மாமா வேதக்காரர்கூட இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காவடி தூக்குகிறவர். ஆனாலும் பெரியம்மாவின் ஒப்புவிப்பில் தன் பேர் பிழையாகப் போய்விடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

எனக்கு வந்ததே எரிச்சல்! ஒருமுறை தவணைப் பரீட்சையில் கணக்கில் கவிழ்ந்துவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மனசு தாங்காமல் பெரியம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையைத் தடவி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போ" என்றார். அன்று சாயங்காலம் அப்பா சோற்றில் கை வைத்திருக்கிறார், சுவருக்கு மேலே குரல் வருகிறது.

"பக்கத்துக் காம்பரா புள்ள கணக்குல பெயிலாயிருச்சு ஆண்டவரே. வீட்டுல இன்னும் சொல்லல, பயந்துகிட்டு இருக்கு. அவங்க அப்பாவுக்குக் கோவம் வராம பாத்துக்கங்க. அவரும் நல்ல மனுசன்தான், கைதான் கொஞ்சம் நீளம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நான் கை நீளமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அன்றைக்கு அடி விழவில்லை, உண்மைதான். ஆனால் என் மானம் போயிற்றே!

மறுநாள் சண்டைக்குப் போனேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே!"

"யார்கிட்டச் சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்."

"லயமே கேட்டுச்சு பெரியம்மா. அறைக்குள்ள போயி, கதவைப் பூட்டிக்கிட்டு, ரகசியமா ஜெபம் பண்ணணும்னு ஆண்டவரே சொல்லியிருக்கார்ல?"

"அறைக்குள்ளதான் இருந்தேன். கதவையும் பூட்டிட்டுத்தான் உக்காந்தேன். செவுரு மேல வரைக்கும் போகலன்னா அதுக்கு நான் என்ன புள்ள பண்றது? தொரைகிட்டப் போயி சொல்லு."



நான் எதையும் சட்டென்று செய்து முடிக்க வேண்டும் என்கிற ரகம். எங்கள் சின்னச் சபையின் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. சபை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டத்தில் உரமூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய ஸ்டோர் அறை. மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து போதகர் ஐயா பஸ்ஸில் வருவார், கடைசி பஸ்ஸுக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே பாட்டுக்கு இவ்வளவு நேரம், வசனத்துக்கு இவ்வளவு, ஜெபத்துக்கு இவ்வளவு என்று ஒழுங்கு பண்ணிவைப்பேன். பெரியம்மா எழுந்து நின்றால் எல்லாம் அவுட். வெலிமடையில் லீக்ஸ் விலை விழுந்து அவருடைய கொழுந்தனார் கஷ்டப்படுவதிலிருந்து, பிரசங்கம் கேட்க வந்தவர்களில் யாருக்கு இருமல் என்பது வரைக்கும் போகும். ஒருநாள் முன்கூட்டியே அவர் காதில், "பெரியம்மா, இன்னைக்குச் சுருக்கமா" என்றேன். தலையாட்டினார். எழுந்தார்.

"ஆண்டவரே, இந்தப் புள்ள சுருக்கமா சொல்லச் சொல்லுது. என்ன அவசரமோ தெரியல. சாப்பிடுறதுலயும் அவசரம், நடக்குறதுலயும் அவசரம். அதுக்கு ஒரு நிதானத்தக் குடுங்க." இதை மட்டும் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போதகர் ஐயா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஐயா ஒரு தடவை அவரைத் திருத்தவும் பார்த்தார். "அம்மா, ஆண்டவரை 'நீர்', 'உமக்கு' என்று சொல்லுங்கள். அதுதான் முறை."

"அதெல்லாம் பாட்டுல பாடிக்கிறேன் ஐயா. பேசும்போது வர மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரையே நீங்கன்னுதான் கூப்பிட்டேன்."

அந்த வீட்டுக்காரர், என் பெரியப்பா, நெஞ்சுவலி வந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்த சாயங்காலம், எல்லாரும் அழுது ஓய்ந்த நேரம், பெரியம்மா பாயை விரித்தார். "அவரு அங்க வந்து சேந்திருப்பாரு ஆண்டவரே. பாத்துக்கங்க. காலையில சாயத்தண்ணி குடிக்காம எந்திரிக்க மாட்டாரு. சீனி கொறச்சுப் போடணும்." பிறகு வழக்கம் போல ஆடு, பீலி, மூணாம் காம்பரா. நான் இந்தப் பக்கம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, இந்த மனுஷிக்கு ஒரு நாள்கூட லீவே கிடையாதா என்று நினைத்தேன்.

முட்டிவலி வந்து கொழுந்து எடுக்க முடியாமல் போனபோது அவரைப் பிள்ளைமடுவத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், போட்டார்கள். அன்றிலிருந்து ஒப்புவிப்பில் ஒவ்வொரு குழந்தையின் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிக்குக் கை மாறியது. "புதுசா ஒரு கம்பெனி வந்திருக்காம் ஆண்டவரே. உங்களுக்குச் சொன்னாங்களோ என்னவோ." ரொம்பப் பின்னால், இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவருக்குத் தனி வீடு கிடைத்தது. நான்கு பக்கமும் கூரையைத் தொடும் சுவர். அப்பாடா, இனி ரகசியம் ரகசியமாக இருக்கும் என்று லயமே நிம்மதிப்பட்டது. போய்ப் பார்த்தால், இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "சத்தம் உள்ளயே முட்டுது புள்ள. தல வலிக்குது."

இப்படிப்பட்டவர்தான் ஒருமுறை மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம் அது. அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்துப் போனார். பிறப்புப் பதிவில் ஏதோ குழப்பம், அதனால் அடையாள அட்டை கைக்கு வரவில்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒருநாள் அவரோடு வேலை செய்த எங்கள் தோட்டத்துப் பையன் மூச்சிரைக்க ஏறி வந்தான். கடை இருந்த தெருவில் ஆமியின் சுற்றிவளைப்பு, அடையாள அட்டை இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அண்ணனும் அதில் ஒருவர், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரியம்மா பிள்ளைமடுவத்து வாசலில் நின்றபடியே கேட்டார். இடுப்பில் ஒரு குழந்தை. "சாப்பிட்டியா நீ?" என்று அந்தப் பையனிடம் கேட்டார்.

அன்று சாயங்காலம் லயம் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தது. பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. "அம்மாடி" கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வழக்கமாக ஒப்பிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் ஒன்றும் இல்லை. பிறகு பாயைச் சுருட்டும் சத்தம்.

மறுநாள் காலையும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நம்ப மாட்டீர்கள், அந்தச் சத்தம் இல்லாமல் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா சோற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். மூணாம் காம்பரா மாமாவால் தாங்கவே முடியவில்லை. ஒருநாள் அவராகவே சுவருக்கு மேலாகக் கத்தினார்: "தங்கச்சி! நேத்து நான் குடிச்சேன்! நெசமாவே குடிச்சேன்! சொல்லலையா?"

"நான் குடிச்சத யாரு இனிமே சாமிகிட்ட சொல்றது?" என்று மாமா தன் பெண்டாட்டியிடம் முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்டது.

நான் சும்மா இருக்கிற ஆளா? அப்போது உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு சட்டத்தரணியைத் தேடிப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் பல வருஷமாக இருப்பவர். பெரியம்மாவையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டு அவரைத் திணறடித்தேன். "பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ. நான் விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். பெரியம்மா அங்கேயும் பேசவில்லை. மகன் பேரைக் கேட்டபோது மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்காக ஜெபம் பண்ணுகிறவர் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. பீலியில் அவர் குடம் நிரப்பிக்கொண்டிருந்தபோது மடக்கினேன்.

"பெரியம்மா, ஆட்டுக்குட்டிக்கெல்லாம் ஜெபம் பண்ணுவீங்க. அண்ணனுக்குப் பண்ண மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"பேச்சுவார்த்தை இல்ல."

"யாரோட?"

"ஆண்டவரோடதான். வேற யாரோட?"

குடத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஒண்ணு விடாம சொல்லியிருக்கேன் புள்ள. ஒரு நாளு தவறியிருக்கேனா? அவன் கொழும்பு பஸ் ஏறுன அன்னைக்கும் சொல்லித்தானே விட்டேன். அவரு கையில குடுத்த புள்ள. எங்கன்னு கேட்டா ஒரு பதில் இல்ல. அப்புறம் பேசுறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப ஏன் காலையிலயும் சாயங்காலமும் பாய விரிச்சு உக்காருறீங்க? கோவம்னா விட்டுட வேண்டியதுதானே?"

என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உங்க பெரியப்பாவோட எத்தன தடவ பேசாம இருந்திருக்கேன். சோறு போடாம இருந்தேனா? வீட்ட விட்டா போயிட்டேன்? பேசலன்னா பேசல. ஆனா பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். அவரா வாயத் தொறக்கட்டும்."

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த வசனங்களை எல்லாம் அடுக்கினேன். யோபுவைச் சொன்னேன், அன்னாளைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாதான் சொல்ற. கொடத்தத் தூக்கி விடு" என்றார்.

போதகர் ஐயா வந்தபோது அவரையும் அனுப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்லத்தான் வேண்டும் என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். பெரியம்மா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க அவரு பக்கத்து ஆளு ஐயா. இதுல நீங்க தலையிடாதீங்க."

ஐயா தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒருநாள் காலை, கொழும்பிலிருந்து வந்த ரயிலில் பதுளையில் இறங்கி, பஸ்ஸுக்குக் காசில்லாமல் பாதி தூரம் லொறியிலும் மீதி நடந்தும், அண்ணன் வந்து சேர்ந்தார். சட்டத்தரணி ஐயாவின் விசாரிப்பினாலா, வேறு எதனாலா, எப்படி விட்டார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தோளில் நிற்காமல் தொளதொளவென்று ஒரு கோடு போட்ட சட்டை.

பெரியம்மா அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்து ரொட்டி சுட்டார். நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னக் காம்பராவில் நெருக்கியடித்து நின்றோம். அண்ணன் தலைகுனிந்து தின்றுகொண்டிருந்தார். பெரியம்மா அந்தச் சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு சட்ட?"

"உள்ள என்கூட இருந்த பையனோடது. யாழ்ப்பாணத்துப் பையன். என்னோடது கிழிஞ்சு போச்சு. என்னைய விடுறாங்கன்னதும் அவன் கழட்டிக் குடுத்தான். அம்மாவப் பாக்கப் போற, நல்லதா போட்டுக்கிட்டுப் போன்னு சொன்னான்."

"அவன்?"

"அவன விடலம்மா."

பெரியம்மா இன்னொரு ரொட்டியை அவர் தட்டில் வைத்தார்.

அன்று சாயங்காலம் லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பாய். "அம்மாடி". மௌனம். மூணாம் காம்பரா மாமா, "இன்னுமா கோவம்? அதான் பய வந்துட்டான்ல!" என்று கத்தியே விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் போய், "நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடும் பெரியம்மா?" என்றேன். அவர் அந்தக் கோடு போட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பொறு" என்றார்.

பொறுமையா, எனக்கா? அந்த மாதம் ஐயா வரும் ஞாயிற்றுக்கிழமைக்கே ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தை ஏற்பாடு பண்ணினேன். ஸ்டோர் அறைக்குக் கடதாசிப் பூ கட்டினோம். பாட்டு, வசனம், ஐயாவின் சிறு செய்தி, கடைசியில் பெரியம்மாவின் சாட்சி, பிறகு தேநீரும் பேக்கரிப் பணிசும். நிகழ்ச்சிநிரலைப் போட்டவள் நான்தான். சனம் நிரம்பி வழிந்தது. வேதக்காரர் அல்லாதவர்களும் வந்து வாசலில் நின்றார்கள். மூணாம் காம்பரா மாமா தலைக்கு எண்ணெய் தேய்த்து, குடிக்காமல் வந்திருந்தார்.

பெரியம்மாவைக் கூப்பிட்டேன். எழுந்து முன்னால் வந்தார். எங்களைப் பார்த்து நிற்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சாட்சி சொல்கிறவர்கள் சபையைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டார். அதே குரல். பதுளை வரைக்கும் கேட்கும் குரல்.

"ஆண்டவரே, பேச வந்திருக்கேன். நன்றி சொல்ல இல்ல, அது அப்புறம். என் புள்ளைய அனுப்பிட்டீங்க, சரி, பாத்தேன். அவன்கூட இருந்த யாழ்ப்பாணத்துப் புள்ளைய ஏன் அனுப்பல? அவன் அம்மாவும் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தானே இருப்பா? அந்தம்மா பேரு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். அவன் சட்டைய நான் தொவச்சு மடிச்சு வச்சிருக்கேன். இந்தக் குளிர்ல அவன் எதப் போட்டுக்கிட்டு இருக்கான்? மொதல்ல அதச் சொல்லுங்க."

நிறுத்தினார். முன்வரிசையில் அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பெரியம்மா உட்காரவில்லை. அப்படியே நின்றார். ஐயாவின் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் ஐயாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு எழுந்தார், முடிப்பதற்காக இரண்டு கைகளையும் உயர்த்தினார், "ஆமென்" என்று வாயெடுத்தார்.

பெரியம்மா திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க ஐயா. அவரு இன்னும் பதில் சொல்லல."

ஐயாவின் கைகள் இறங்கின. வாசலில் மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்து நின்றார்கள். கடைசியில் நானும் எழுந்தேன்.